கொட்டாஞ்சேனைக் கடல்

வெள்ளவத்தையில் கரையேறிய அகதிகள் கடைசிவரை காயவேயில்லை. ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கோட்டைக்குப் போகும் அலுவலக ரயில்கள் ஓடுகிற நேரத்தில், அவர்களுடைய மரப்படகு ரயில் நிலையத்துக்குத் தெற்கேயுள்ள பாறைகளில் மோதிப் பலகை பலகையாகக் கழன்றது. சில நூறு பேர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து தண்டவாளத்தின் ஓரமாக உட்கார்ந்தார்கள். அன்று பகல் முழுவதும் வெயில் எறித்தது, பின்னேரம் சோளகக் காற்றும் நன்றாக அடித்தது. ஆனாலும் அவர்களுடைய தலைமயிரிலிருந்தும் முழங்கைகளிலிருந்தும் தாடி நுனிகளிலிருந்தும் தண்ணீர் சொட்டியபடியே இருந்தது. துடைத்தால் துவாய் நனைந்தது, ஆட்கள் காயவில்லை. மாற்றுடுப்புக் கொடுத்தால் உடம்பில் பட்ட கையோடு அதுவும் நனைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் ஒரு கிழவரின் தோளில் விரலை வைத்து எடுத்து நாக்கில் தொட்டுப் பார்த்து, கடல்தண்ணீர்தான் என்றார்.

மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக் கட்டிய அடுக்குமாடிகளின் பல்கனிகளில் சனம் வந்து நின்று படம் எடுத்தது. அந்தப் பல்கனிகளில் நின்றவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் தாங்களும் இடுப்பளவு தண்ணீரில் நடந்தவர்கள், பதுங்குகுழிகளில் படுத்தவர்கள், கோயில் மண்டபங்களில் பொதிச் சோற்றுக்கு வரிசையில் நின்றவர்கள். பாணும் வாழைப்பழமும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு முதலில் இறங்கியவர்களும் அவர்கள்தான். அந்த இரக்கம் மத்தியானம் வரைக்கும் தாங்கியது. மத்தியானத்துக்குப் பிறகு கடல் மணம் லிப்டுக்குள் ஏறத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு ஏதும் தொற்றுமோ, வீடுகளின் விலை விழுமோ என்று கதை மாறியது. பொழுதுபட முதல் அடுக்குமாடிச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து பொலிசுக்கு மனுக் கொடுத்தன. ‘நாங்களும் அகதிகளாக இருந்தவர்கள்தான்’ என்று அந்த மனு தொடங்கியது.

வந்தவர்களின் நாடு, தன்னிடம் அப்படிப்பட்ட ஆட்கள் ஒருபோதும் இருந்ததில்லை என்று அன்றைக்கே அறிக்கை விட்டது. இங்கே அரசாங்கம் அவசரக் கூட்டம் கூடியது. படகு முழுசாக இருந்திருந்தால் என்ஜினைத் திருத்தி, டீசல் அடித்து, பிஸ்கட்டும் தண்ணீர்ப் போத்தலும் ஏற்றி, அதன் முகத்தை வேறு பக்கம் திருப்பி விட்டிருக்கலாம். படகு பலகையாகிப் போயிருந்தது. கரைக்கு வந்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொண்டால் அவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டும், வெளிநாட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், அடுத்த தேர்தலில் ஊருக்கும் பதில் சொல்ல வேண்டும். அமைச்சர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டு, இவர்களை என்ன பெயரில் வைத்திருப்பது என்று கேட்டார். அப்போது மேசையின் கடைசியில் இருந்த பிரியந்தன் என்ற உதவிச் செயலாளர், அழகான சிங்களத்தில், “சேர், அவர்கள் இன்னும் வந்து முடியவில்லையே” என்றார். உடம்பில் இன்னும் கடல் இருக்கிறது. கடலில் இருக்கும் ஒருவர் கரைக்கு வந்தவர் ஆகமாட்டார். காயும் வரை அவர்களைக் கடலில் இருப்பவர்களாகவே கொள்ளலாம். அப்படிக் கொண்டால் எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாது. இதை அவர் குரல் உயர்த்தாமல், தண்ணீர் பில் கட்டுகிற முறையை விளக்குகிற மாதிரி விளக்கினார். அமைச்சர் பேனாவைத் தட்டுவதை நிறுத்தினார்.

பிரியந்தனுக்குப் பத்து வயதாக இருக்கும்போது அவருடைய அம்மா போருக்குத் தப்பி அவரைக் கிளாலிக் கடலில் ஒரு வள்ளத்தில் ஏற்றி, மேலே ஹெலி சுற்றச் சுற்ற, தன் உடம்பால் மூடிக்கொண்டு கடந்தவர். அதை அவர் மறந்திருக்கவில்லை. மறந்திருந்தால் மன்னித்துவிடலாம்.

ஒரு வாரத்துக்குள் ‘கடல்வழி வருகையாளர் உலர்த்தல் பணியகம்’ திறக்கப்பட்டது. பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் இருந்தது. தமிழில் மட்டும் உலர்த்தல் என்பது ‘உளர்த்தல்’ என்று கிடந்தது. அதன் பிரதிப் பணிப்பாளராக நியமிக்கப்பட்ட பிரியந்தன் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு உள்ளே போனார். அகதிகளை லொறிகளில் ஏற்றி, கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஒரு சினிமாக் கொட்டகையில் விட்டார்கள். வெள்ளவத்தையில் பெரிய மனிசர் இருக்கிறதாலதானே நாற்றத்தை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று கொட்டாஞ்சேனைச் சனம் ஏசியது. ஏசினாலும் வேடிக்கை பார்க்க வரிசையில் நின்றது. கொட்டகையின் தளம் திரையை நோக்கிச் சரிந்தது என்பதால் அவர்களிடமிருந்து வடிந்த தண்ணீர் எல்லாம் போய்த் திரைக்குக் கீழே குளமாகத் தேங்கியது. பெரிய பெரிய காற்றாடிகள் பூட்டப்பட்டன. தினமும் காலையில் உத்தியோகத்தர்கள் வந்து ஒவ்வொருவரின் நெற்றியிலும் ஒரு டிஷூப் பேப்பரை ஒற்றிப் பார்ப்பார்கள். பேப்பர் நனைந்தால் ஆள் இன்னும் கடலில். எல்லாப் பேப்பரும் எப்போதும் நனைந்தன.

உதவிகள் வந்தன. குளிர் நாடொன்று தன் கொடி அச்சடித்த துவாய்களைக் கப்பலில் அனுப்பியது. அந்த நாட்டின் தூதுவர் வந்து, ஒரு கிழவியின் தலையைத் தானே துவட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கெமராக்காரன் வெளிச்சம் சரியில்லை என்றதால் இன்னொருமுறை துவட்டினார். கொழும்பின் பெரிய கம்பனிகள் தங்கள் பெயர் போட்ட ரீசேட்டுகளைக் கொடுத்தன. கறுவாத்தோட்டத்துச் சீமாட்டிகள் பழைய உடுப்புகளைப் பொதி கட்டி அனுப்பியதில் கல்யாணக் கையுறைகளும் குதி உயர்ந்த சப்பாத்துகளும் இருந்தன. நாலு மதத்துப் பெரியார்களும் சேர்ந்து வந்து, காய வேண்டுமென்று பிரார்த்தித்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். ரீ.வி.யில் இரண்டு பேராசிரியர்கள், காயாமல் இருப்பது அவர்களின் பண்பாட்டிலேயே உள்ளதா என்று விவாதித்தார்கள்.

சாப்பாடு சமைத்துக் கொடுக்கிற வேலை ஜவாஹிறாவிடம் வந்தது. கொட்டகைக்குப் பக்கத்து ஒழுங்கையில், கடைகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பிக்கொண்டிருந்த கைம்பெண் அவர்; சின்னவர் பெரியவர் என்றில்லாமல் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் ராத்தா, மூத்த அக்கா. இரண்டு மகன்மாரும் கட்டாரில். முதல்நாள் சோற்றுச் சட்டிகளை முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது வாசலில் நின்ற பிரியந்தன் அவருக்குச் சட்டநிலையை விளக்கினார். ஜவாஹிறா கேட்டுவிட்டு, “கடலுக்குள்ள ஈக்கிறவங்களுக்கு என்னத்துக்குச் சோறு எண்டு கேக்காம வுட்டீங்களே சேர், அதுவே பெரிய விசயம்” என்று சொல்லிக்கொண்டு அகப்பையோடு உள்ளே போனார். அவருடைய செருப்பு சகசகவென்று நனைந்தது. அடுத்தநாளிலிருந்து வெறுங்காலோடு வந்தார்.

மொழி தெரியாத அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் தமிழ் கதைத்தாள். தஸ்லிமா என்று பெயர். சிறு வயதில் சென்னைக்கு வெளியே ஒரு அகதி முகாமில் வளர்ந்தவள், அங்கிருந்து இன்னொரு நாட்டு முகாமுக்கும் அங்கிருந்து படகுக்கும் போனவள். படகில் புருசனோடு ஏறினாள். தண்ணீர் முடிந்துபோன நாட்களில் அவன் கடலைக் குடித்துச் செத்தான்; மற்றவர்கள் தொழுவித்துக் கடலில் விட்டார்கள். அவள் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை இருந்தது.

“அக்கா, எனக்கு அந்த அடிச்சோறு குடுக்கா. கருவுனாலும் பரவால்ல” என்று அவள் கேட்டதும் ஜவாஹிறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இதென்ன புள்ள, படத்துல வாறவங்க மாதிரிக் கதைக்கிறாய்?”

“அங்க எல்லாரும் இப்புடித்தாங்கா பேசுவாங்க.”

“புள்ள எத்தினயாவது?”

“மொதல்.”

அன்றிலிருந்து ஜவாஹிறா அவளுக்கென்று தனியாக முருங்கையிலைச் சுண்டலும் மாசிக் கருவாட்டுத்துண்டு போட்ட சம்பலும் ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். ஈரம் சொட்டும் அவளுடைய தலையை மடியில் வைத்துப் பேன் பார்ப்பார். பார்க்கப் பார்க்க மடியிலிருந்த தண்ணீர் அவர்கள் உட்கார்ந்திருந்த பலகை வாங்குக்குக் கீழே ஒழுகிப் போகும்.

பிள்ளை ஆவணியில் கொட்டகைக்குள்ளேயே பிறந்தது. குடும்பநல மாதுவும் ஜவாஹிறாவும்தான் பார்த்தார்கள். பெண்பிள்ளை. பிறந்தபோது எல்லாப் பிள்ளைகளையும் போல ஈரமாகத்தான் இருந்தது. துடைத்ததும் காய்ந்துவிட்டது. மாது திரும்பவும் துடைத்துப் பார்த்தார். காய்ந்த துவாய் காய்ந்தபடியே இருந்தது. இந்தச் செய்தி வாங்கு வாங்காகப் போய்ச் சேர, கொட்டகையிலிருந்த எல்லோரும் எழும்பி வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய கை காய்ந்த ஒன்றைத் தொட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொருவராக ஒரு விரலால் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார்கள். ஒவ்வொருவரும் தொட்டபின் ஜவாஹிறா ஈரத்தைத் துடைத்தார். துடைத்ததும் பிள்ளை காய்ந்தது, அடுத்தவர் தொட்டார். பெரிய பெரிய ஆம்பிளைகள் விக்கி அழுதார்கள். தஸ்லிமா பிள்ளைக்கு பர்ஹா என்று பெயர் வைத்தாள்.

பணியகத்தில் இரண்டு நாள் யோசித்தார்கள். மூன்றாம் நாள் பிரியந்தன் ஜவாஹிறாவை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“ராத்தா, ஒரு பிரச்சினை இருக்கு. பிள்ளை காய்ஞ்சிருக்கு. அப்ப அது கரைக்கு வந்திட்டுது. தாய் இன்னும் கடலில.”

“தாய் அந்தா, மூணாவது வாங்குல ஈக்கிறா சேர்.”

“அது உங்கட கண்ணுக்கு. சட்டப்படி தாய் கடலில. தாய் கடலில இருக்க, தனிய கரைக்கு வந்த பிள்ளையை நாங்கள் பொறுப்பெடுக்க வேணும். பிள்ளைகள் இல்லமொண்டு பார்த்திருக்கிறம். நல்ல இடம்.”

“இத யார் யோசிச்ச? நீங்களா?”

“யோசிக்க என்ன இருக்கு? விதி அப்பிடி.”

“விதி எண்டு அல்லாட தலைல போடாதீங்க சேர். நீங்க எழுதின விதி.”

அடுத்த பரிசோதனைக்கு உத்தியோகத்தர்கள் வந்தபோது பிள்ளையின் நெற்றியில் ஒற்றிய பேப்பர் நனைந்தது. தஸ்லிமா பிள்ளையைத் தன் தலைமயிருக்குள் சுற்றி வைத்திருந்தாள். அவள் தூங்கினால் பக்கத்து வாங்குப் பெண் வாங்கித் தன் நெஞ்சோடு நனைத்தாள், அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அவர்கள் முறை வைத்துப் பிள்ளையைக் கடலுக்குள் வைத்திருந்தார்கள். பிரியந்தனுக்கு விஷயம் தெரியும். பேப்பர் நனைகிறதுதானே என்று பேசாமல் இருந்தார்; அதைத் தன்னுடைய இரக்கமென்றும் எண்ணிக்கொண்டார்.

பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிழமையில் கழுத்து மடிப்புகளிலும் தொடையிடுக்கிலும் தோல் வெந்து உரிந்தது. பிறகு இருமல் வந்தது. பிறகு மூச்சு எடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. டொக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, பிள்ளையைக் காய்ந்த இடத்தில் வைக்காவிட்டால் தப்பாது என்றார்.

ஜவாஹிறா அன்று சோற்றைப் பகிராமல் சட்டியோடு வைத்துவிட்டு மூன்றாவது வாங்கில் வந்து உட்கார்ந்தார்.

“மகள், இனியும் நனைச்சா புள்ள மௌத்தாகிரும்.”

பிள்ளை தஸ்லிமாவின் மயிருக்குள்ளிருந்து நாய்க்குட்டி மாதிரி இருமியது.

“காய வுட்டா தூக்கிக்கினு பூடுவாங்கக்கா.”

“ஓம். எடுத்துட்டுப் போவாங்க. அந்த ஹராங்குட்டிகள் எடுத்துட்டுத்தான் போவாங்க. உசிரோட எடுத்துட்டுப் போவாங்க.”

காற்றாடிகள் சுற்றின. பிறகு தஸ்லிமா பிள்ளையை மயிரிலிருந்து பிரித்தெடுத்து, கடைசியாக ஒருமுறை பால் கொடுத்து, கைகளை நன்றாக நீட்டி, தன் உடம்பிலிருந்து ஒரு சொட்டும் விழாத தூரத்தில் வைத்து ஜவாஹிறாவிடம் கொடுத்தாள். “காய வுடுக்கா” என்றாள். ஜவாஹிறா பிள்ளையைத் துடைத்து, வெந்த இடங்களில் தேங்காயெண்ணெய் பூசி, தன் வீட்டுச் சேலையொன்றில் சுற்றி, விடியும்வரை வாசலோரத்துக் காய்ந்த படியில் மடியில் வைத்திருந்தார். காலையில் பேப்பர் நனையவில்லை.

பணியகம் அன்றைக்கே ஊடக மாநாடு வைத்தது. உலர்த்தல் திட்டத்தின் முதல் வெற்றி என்று மூன்று மொழியிலும் அறிவித்தார்கள். அமைச்சர் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார். துவாய் நாட்டுத் தூதுவர் கை தட்டினார். பிள்ளையின் இருமல் ஒலிவாங்கியில் விழுந்தபோது ஒலியைக் குறைத்தார்கள். பிள்ளையை ஏந்திக்கொண்டு காருக்குப் போனவர் பிரியந்தன். அது எல்லா ரீ.வி.யிலும் போனது. பின்னேரம் வெள்ளவத்தையிலுள்ள வீட்டுக்கு அவர் போனபோது மனைவி உஷாந்தி சாப்பாட்டை மேசையில் வைத்து மூடிவிட்டு நின்றாள்.

“அந்தப் பிள்ளையைத் தூக்கின கையைக் கழுவிப்போட்டு இருங்கோ” என்றாள்.

“கழுவிப்போட்டன்.”

“இன்னொருக்காக் கழுவுங்கோ.”

அவர் எழும்பிப் போய்க் கழுவினார்.

பிள்ளையைக் கொண்டுபோன நேரத்தில் தஸ்லிமா கத்தவில்லை. வாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அவளிலிருந்து அப்போது ஓடத் தொடங்கியது. தோள்களிலிருந்தும் மார்பிலிருந்தும் பைப் திறந்த மாதிரி ஓடியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த பெண்களிலிருந்தும் ஓடியது, பிறகு எல்லோரிலிருந்தும் ஓடியது. மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது திரைக்குக் கீழே இருந்த குளம் முன்வரிசை வாங்குகளை மூடியிருந்தது. அசருக்கு அது கொட்டகை முழுவதும் முழங்கால் அளவு நின்றது. பொழுதுபட மஃரிபுக்கு இடுப்பளவு வந்து, திரைப் பக்கமிருந்து அலை எழும்பி வாசலில் வந்து உடைந்தது. ஆனால் வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டும் வீதிக்கு வரவில்லை. கரையில் எப்படி வந்து திரும்புமோ அப்படி வந்து, நுரையை வைத்துவிட்டுத் திரும்பியது. காற்றாடிகள் தண்ணீருக்குள் நின்றுபோயின. உத்தியோகத்தர்கள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். உள்ளே இருந்தவர்கள் யாரும் தாழவில்லை. அவ்வளவு தூரம் தண்ணீரில் வந்தவர்களுக்கு அதில் இருக்கத் தெரிந்திருந்தது. பிள்ளைகள் பல்கனி ஆசனங்களிலிருந்து குதித்து நீந்தின. அடுத்த நாள் காலை படியோரத்தில் சூடை மீன்கள் மின்னின.

பேரிடர் என்று சொல்ல அரசாங்கத்துக்கு வாய் வரும் முன்னரே அதன் நன்மையைப் பிரியந்தன் கண்டுபிடித்துவிட்டார். கொட்டகைக்குள் இருப்பது கடல். ஆகவே அவர்களைக் கடலில் இருப்பவர்களாகக் கொள்ள வேண்டியதில்லை, அவர்கள் கடலில்தான் இருக்கிறார்கள். நில அளவையாளர்கள் ரப்பர் காலணியோடு வந்து வாசற்படி நெடுகக் கரைக்கோடு கீறினார்கள். கொழும்பு வரைபடத்தில் கொட்டாஞ்சேனை இருக்கும் பதின்மூன்றாம் வட்டாரத்தின் நடுவே ஒரு நீலச் சதுரம் விழுந்தது. அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, இன்றைய தேதியில் நம் மண்ணில் ஒரு கடல்வழி அகதியும் இல்லை என்று அறிவித்தபோது இரு பக்கத்தாரும் மேசையைத் தட்டினார்கள். பணியகம் தன் வேலையை முடித்துவிட்டதாக மூடப்பட்டது. பிரியந்தனுக்குத் துவாய் நாட்டிலுள்ள தூதரகத்தில் பதவி கிடைத்தது.

சோறு மட்டும் நிற்கவில்லை. அரசாங்கம் நிறுத்தியபிறகும் ஜவாஹிறா சட்டிகளைக் கொண்டுபோனார். பள்ளிவாசல்காரர் அரிசி கொடுத்தார்கள், கோயில்காரர் பருப்புக் கொடுத்தார்கள், ஜிந்துப்பிட்டிக் கடைக்காரர்கள் தேங்காய் கொடுத்தார்கள். யாருடைய புண்ணியம் கூட என்று அவர்களுக்குள் சண்டை வந்தபோது ஜவாஹிறா மூன்று தரப்பையும் ஏசினார். சட்டிகளைப் பலகையில் வைத்து அலையில் தள்ளிவிடுவார், உள்ளே இருந்து இழுத்துக்கொள்வார்கள். மிச்ச நேரத்திலெல்லாம் அவர் பிள்ளைக்காக அலைந்தார். இல்லத்துக்குப் போனார், பிரதேச செயலகத்துக்குப் போனார், நீதிமன்றத்துக்குப் போனார், ஒவ்வொரு இடத்திலும் சிங்களத்தில் கெஞ்சினார், தமிழில் சபித்தார். கடைசியில் எல்லாக் கதவும் பிரியந்தனின் மேசையில்தான் வந்து முட்டியது. அவர் அதற்குள் அலுவலகத்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு சூட்கேஸ் இருந்தது.

“தாருங்கோ ராத்தா, கையெழுத்து வைக்கிறன்” என்றார். “பிள்ளையை நீங்கள் வளருங்கோ. எனக்கும் மனசு கேக்கேல்லை.”

“மனசு கேக்காம இல்ல சேர். இந்த வேல முடியாம ஒங்களுக்கு பிளேன் ஏற ஏலாது. அதான் வெக்கிறீங்க.”

அவர் கையெழுத்து வைத்தார். ஜவாஹிறா அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லாமல் இறங்கினார். அடுத்த மாதம் பிரியந்தன் குடும்பத்தோடு போனார். உஷாந்தியும் போனாள், பிள்ளைகளின் படிப்பு இருந்தது.

பர்ஹாவைத் தூக்கிக்கொண்டு ஜவாஹிறா இல்லத்திலிருந்து நேரே கொட்டகை வாசலுக்கு வந்தார். தஸ்லிமா இடுப்பளவு தண்ணீரில் படிவரைக்கும் நடந்து வந்தாள். அதற்கப்பால் அவளுக்கு ஏலாது, கோட்டில் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துவக்கோடு நின்றான். ஜவாஹிறா வீதிப் பக்கத்தில் படியில் குந்தி, பிள்ளையைக் கோட்டுக்கு மேலால் நீட்டினார். தஸ்லிமா குனிந்து மார்பைக் கொடுத்தாள். பிள்ளை குடித்தது. இப்படி நாளுக்கு நாலைந்து தடவை நடந்தது. அதற்கும் ஓர் உத்தியோகத்தர் வந்தார். பால் கடலிலிருந்து கரைக்கு வருவதால் அது இறக்குமதியா என்று தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது என்றார். தெளிவு வரும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னார். ஜவாஹிறா அவருக்கு முன்னாலேயே பிள்ளையை நீட்டி, “புடிச்சி அடைங்க மகன், பாலுக்கும் சேத்து விலங்கு போடுங்க” என்றார். வீதியில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். உத்தியோகத்தர் போனார். ஆறு மாதம் கழித்து, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் பாலுக்கு விலக்களிப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. அப்போது பர்ஹா சோறு தின்னத் தொடங்கியிருந்தாள்.

ஈஸ்டர் குண்டுகளின் வருடத்தில் வாசலில் ஒரு சிப்பாய்க்கு நாலு சிப்பாய்கள் ஆனார்கள். உள்ளே இருந்த ஆண்களைத் தண்ணீரிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். நோய்க்காலத்தில் எல்லோரையும் வீட்டுக்குள் பூட்டியபோது கொட்டகைக் கடலை மட்டும் யாரும் நினைக்கவில்லை, அதனால் அங்கே ஒருவருக்கும் நோய் வரவில்லை. எரிபொருள் வரிசைகளின் வருடத்தில் சந்தை வெறிச்சோடிப்போனபோது உள்ளே இருந்தவர்கள் வலை பின்னி மீன் பிடித்துப் படியில் வைத்தார்கள். ஏசிய சனமே கூடையோடு வந்து வாங்கியது. அரசாங்கங்கள் மாறின. புதிதாக வந்த ஒவ்வொருவரும் பழையவர்களைக் கள்ளர் என்றார்கள், எல்லாவற்றையும் புரட்டிப் போடுவதாகச் சத்தியம் செய்தார்கள். நீலச் சதுரத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை. இப்போது பௌர்ணமிப் போயா விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து கடலைப் பின்னால் வைத்துப் படம் எடுக்கிறார்கள். இறால் வடைக்காரன் வண்டிலோடு நிற்கிறான். உள்ளே சின்னப் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்து, எவ்வளவு சந்தோசமாக இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வடை தின்கிறார்கள். வெள்ளவத்தையிலிருந்தும் வருகிறார்கள்.

பர்ஹா இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது உம்மா எங்கே இருக்கிறா என்று டீச்சர் கேட்டார். “கடல்ல” என்றாள் பிள்ளை. எந்தக் கடலில் என்று டீச்சர் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் இப்போது அப்படி யாரும் கேட்பதில்லை. அலை பெருகுகிற நேரங்கள் அந்த வீதி முச்சக்கரவண்டிக்காரர்களுக்கு அத்துப்படி. பெருகும்போது சத்தத்துக்குப் பயணிகள் பயப்படுவார்களென்று வண்டிகளை எதிர்ப்பக்கம் நிறுத்துகிறார்கள். காலையில் ஜவாஹிறா புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளையைக் கூட்டி வருகிறார். தஸ்லிமா படிக்கு வந்து நிற்கிறாள். பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார, அவள் தலையைச் சீவிப் பின்னி, வெள்ளைப் பர்தாவைச் சரிசெய்து ஊசி குத்துகிறாள். சிப்பாய் தன் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவர்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

“அசையாதடீ” என்று தஸ்லிமா சொல்கிறாள்.

“வேன் வந்துட்டு உம்மா.”

ஸ்கூல் வேன் மூலையில் நின்று ஹோர்ன் அடிக்கிறது. தஸ்லிமா கடைசி ஊசியைக் குத்தி, பிள்ளையை எழுப்பி, இரண்டு தோளிலும் பிடித்து வீதிப் பக்கமாகத் திருப்பி விடுகிறாள்.